புதுப்பிப்பு: எக்ஸ்கவேட்டரின் 'தொடர்புப் பிழை' எங்கே இருந்தது

வாங்கிய பழைய எக்ஸ்கவேட்டரில் மானிட்டர் அடிக்கடி 'தொடர்புப் பிழை' காட்டுகிறது, இன்ஜின் வேகமும் ஏறவில்லை, கன்ட்ரோலரை மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றவில்லை, நல்லவேளை. கோளாறு வயரில்தான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, கேன் (CAN, கன்ட்ரோலரும் மானிட்டரும் தகவல் பரிமாறும் இணைப்பு) வயர்கள் இரண்டுக்கும் நடுவே மீட்டரில் ஓம் பார்த்தேன். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இணையாக இருப்பதால் 60 வரவேண்டும். வந்தது 120. சரி, எங்கோ ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. மீட்டரை மாட்டியபடியே ஹார்னஸை (வயர் கட்டை) அங்குலம் அங்குலமாக அசைத்தேன். கேபினுக்கு அடியில் ஓர் இடத்தைத் தொட்டதும் 60க்குத் தாவியது, விட்டதும் மறுபடி 120. முன்பு யாரோ வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. உள்ளே செம்பு அரித்துப் பச்சை பூத்திருந்தது.

அதை வெட்டியெடுத்து, கேன் வயர்கள் இரண்டும் ஒன்றையொன்று சுற்றியிருக்கும் முறுக்கு கெடாமல் புது வயர் சேர்த்தேன். இப்போது நிலையாக 60. பிழை திரும்பவில்லை.