இஞ்சை 2.5 ஆல் பெருக்கினால் போதாதா?

மனக்கணக்கு:
இஞ்சை சென்டிமீட்டராக்க கால்குலேட்டர் எதற்கு? இஞ்சை 2.5 ஆல் பெருக்குங்கள், அடியை 30 ஆல் பெருக்குங்கள், முடிந்தது. மைலா? அதோடு அதில் பாதியையும் பத்தில் ஒரு பங்கையும் கூட்டினால் கிலோமீட்டர். 50 மைல் என்றால் 50, 25, 5, ஆக 80. சரியான விடை 80.47. இதற்கு மேல் துல்லியம் வேண்டியதில்லை என்பது என் கட்சி.

உளியும்நாடாவும்:
மைலுக்கு ஒத்துக்கொள்கிறேன், இஞ்சுக்கு மாட்டேன். சுவருக்குச் சுவர் 8 அடி. 96 இஞ்சை 2.5 ஆல் பெருக்கி 240 செ.மீ. என்று அலமாரிப் பலகையை அறுத்தேன். ஒரு இஞ்ச் சரியாக 2.54 செ.மீ., வந்திருக்க வேண்டியது 243.84. பலகையை ஏற்றி வைத்தால் ஓரத்தில் இரண்டு விரல் நுழையும் சந்து. கூடுதலாக இருந்தால் இழைத்துக் குறைக்கலாம். குறைந்த பலகையை என்ன செய்வீர்கள்? உங்கள் 2.5 எப்போதுமே குறைவாகத்தான் காட்டும், அதுதான் அதில் உள்ள ஆபத்து.

மனக்கணக்கு:
அறுப்பதற்கு அதைப் பயன்படுத்தச் சொல்லவில்லையே நண்பரே. இந்த மேசை அந்த அறைக்குள் அடங்குமா என்று நின்ற இடத்தில் பார்க்கச் சொன்னேன்.

பின்னக்காரன்:
2.5ஆ 2.54ஆ என்பதைவிடப் பெரிய தப்பு வேறு இடத்தில் நடக்கிறது. 5 அடி 7 இஞ்ச் உயரத்தை 5.7 அடி என்று எழுதிவிட்டு 30.48 ஆல் பெருக்குகிறார்கள். 173.7 செ.மீ. வரும். ஆனால் 5 அடி 7 இஞ்ச் என்பது 67 இஞ்ச், அதாவது 170.18. பெருக்கும் எண் கச்சிதம், விடை மூன்றரை சென்டிமீட்டர் தப்பு! நூல் கணக்கிலும் இதே கதை. 2 இஞ்ச் 3 நூலை 2.3 என்று போட்டால் 58.4 மி.மீ. ஒரு இஞ்சுக்கு 8 நூல், எனவே அது 2.375, அதாவது 60.3 மி.மீ. அடிக்குப் பன்னிரண்டு, இஞ்சுக்கு எட்டு என்பது கையில் பழகாமல் 2.54 மட்டும் தெரிந்து என்ன பயன்?

நிலஅளவை:
25.4 மி.மீ. என்பது அளந்து பார்த்துக் கண்ட எண் அல்ல, இஞ்சின் வரையறையே அதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1959 வரை அமெரிக்க இஞ்ச் 25.4-ஐவிட ஒரு மயிரிழை பெரிது, பிரிட்டிஷ் இஞ்ச் ஒரு மயிரிழை சிறிது. அந்த ஆண்டில்தான் ஆறு நாடுகள் சேர்ந்து ஒரு கஜம் 0.9144 மீட்டர் என்று நிலைநிறுத்தின. அமெரிக்க நில அளவையில் மட்டும் பழைய அடி 2022 முடியும்வரை நீடித்தது. வித்தியாசம் பத்து லட்சத்துக்கு இரண்டு பங்கு. ஆனால் வரைபட ஆயத்தொலைவு, அதாவது தொடக்கப் புள்ளியிலிருந்து ஓர் இடம் உள்ள தூரம், 20 லட்சம் அடி என்று இருந்தால் அதுவே 4 அடியாகிவிடும். எல்லைக்கல் இடம் மாறிவிடும் சார்.

மனக்கணக்கு:
நில அளவைக்காரர் சொன்னது புதுச் செய்தி, நன்றி. ஆனால் மறுபக்கமும் ஒரு தப்பு உண்டு. 5 நூலை 15.875 மி.மீ. என்று எழுதி, மி.மீ. கோடு மட்டும் போட்ட நாடாவை வைத்து அளப்பது. அந்தக் கடைசி இரண்டு இலக்கத்தை எந்தக் கோட்டில் பார்ப்பது?

உளியும்நாடாவும்:
இது நியாயம். அதனால்தான் இப்போது நான் மாற்றுவதே இல்லை. இஞ்சில் அளந்தால் கடைசி வெட்டுவரை இஞ்ச், நாடாவின் மறு ஓரத்தைப் பார்க்கவே மாட்டேன்.

பின்னக்காரன்:
வெட்டுக்கு அது சரி. கையில் மி.மீ. ஸ்பேனர் மட்டும் இருக்கும்போது எதிரே இஞ்ச் நட் வந்தால் மாற்றித்தானே ஆகவேண்டும்? முக்கால் இஞ்ச் 19.05, 19 ஸ்பேனர் பெரும்பாலும் நுழைந்துவிடும். அரை இஞ்ச் 12.7. அதற்கு 13 போட்டால் 0.3 மி.மீ. ஆட்டம். இறுக்கமான நட்டில் அந்த ஆட்டத்தோடு திருகினால் முனை மழுங்கிவிடும். பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது.