ஆறரையிலிருந்து ஒன்பது வரை

குழு: நம்ம வீடு
26 டிசம்பர் 2024, வியாழக்கிழமை

குட்டி – காலை 8:02
எல்லோருக்கும் வணக்கம். லீவுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். இன்றோடு சுனாமி வந்து 20 வருஷம். அன்றைக்கு வீட்டுப் பெரியவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரணும். நான் அப்போது பிறக்கவே இல்லை. ஒவ்வொருவராகச் சொல்லுங்களேன்.

சித்தப்பா சென்னை – 8:09
நல்ல வேலை கொடுத்திருக்கிறார்கள். எழுதிக்கோ. நாங்கள் மயிலாப்பூரில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலை சுற்றுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் பீரோ கதவு தானாகத் திறந்து திறந்து மூடுகிறது. உன் சின்னப் பாட்டி ஈர முடியோடு கீழே ஓடினாள். தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களை அதிசயமாகப் பார்த்தார்கள். தரையில் இருந்த அவர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. மாடியில் இருந்தவர்களுக்குத்தான் ஆடியது.

குட்டி – 8:11
அப்புறம்?

சித்தப்பா சென்னை – 8:14
அப்புறம் மேலே வந்து காபி குடித்தோம். ஒன்பது மணிக்கு மேல் பட்டினப்பாக்கம் பக்கமிருந்து ஜனங்கள் ஓடி வந்தார்கள். மெரினாவில் காலையில் நடக்கப் போனவர்கள், கிரிக்கெட் விளையாடப் போன பையன்கள், எத்தனை பேர் திரும்பவில்லை. நானும் ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே நடக்கப் போகிறவன்தான். வீடு ஆடியதால் போகாமல் இருந்துவிட்டேன்.

அண்ணன் – 8:20
நான் காலேஜ் டூரில் கன்னியாகுமரியில் இருந்தேன். சூரிய உதயம் பார்க்கக் கரையில் நின்றோம். அங்கேயும் ஆறரை மணிதான். பூமி ஆடியது ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு விவேகானந்தர் பாறைக்குப் படகேற வரிசையில் நின்றோம். எங்களில் பாதிப் பேர் முதல் படகில் போய்விட்டார்கள். எங்களுக்கு முறை வருவதற்குள் கடல் உள்ளே போக ஆரம்பித்தது. அதுவரை பார்த்திராத பாறைகள் எல்லாம் கறுப்பாக மேலே தெரிந்தன. சிலர் இறங்கிப் பார்க்கப் போனார்கள். ‘சுனாமி வருது’ என்று யாரோ கத்தியதும் எல்லோரும் மேட்டுக்கு ஓடினோம். பாறையில் மாட்டிக்கொண்ட எங்கள் பையன்கள் வெகுநேரம் கழித்துத்தான் கரைக்கு வந்தார்கள்.

பெரியப்பா தஞ்சை – 8:31
தம்பி, ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ‘சுனாமி வருது’ என்று அன்று காலை யாரும் கத்தியிருக்க முடியாது. அந்த வார்த்தை அப்போது நம் ஊரில் கிடையாது. ‘கடல் பொங்கிருச்சு’, ‘கடல் ஊருக்குள்ள வந்திருச்சு’ என்றுதான் சொன்னார்கள். மத்தியானத்துக்கு மேல் டிவியில் கேட்டுக் கேட்டுத்தான் நமக்கு அந்தச் சொல் வாயில் வந்தது.

அண்ணன் – 8:36
யோசித்துப் பார்த்தேன் பெரியப்பா. நீங்கள் சொல்வது சரிதான். ‘தண்ணி, தண்ணி’ என்றுதான் கத்தினார்கள். இருபது வருஷமாக நான் மாற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் – 8:38
நான் திருச்சி ஹாஸ்டலில் இருந்தேன். டிவி அறையில் நின்றபடியே பார்த்தோம். நாகப்பட்டினம் என்று கேட்டதும் அத்தை வீட்டுக்குப் போன் போட்டேன். லைன் போகவில்லை. இரவு வரை பூத்திலேயே நின்றேன்.

பெரியப்பா தஞ்சை – 8:52
குட்டி, நான் அப்போது வருவாய்த் துறையில் இருந்தேன். 27ஆம் தேதி காலையில் எங்களை நாகைக்கு அனுப்பினார்கள். அந்த வருஷமே கெட்ட வருஷம். ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். அந்தக் கணக்கை எழுதின கையோடுதான் நாகைக்குப் போனேன். அப்போது எங்கள் தஞ்சாவூர் கலெக்டராக இருந்த ராதாகிருஷ்ணன் அவர்களையும் பிறகு நாகைக்கே மாற்றினார்கள்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டம் ஒன்றிலேயே. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் இரண்டு ஊரும் தரைமட்டம். விசைப்படகுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கியிருந்த வெளியூர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். அவர்கள் எந்த ஊர், என்ன பெயர் என்று சொல்லக்கூடப் பக்கத்தில் ஆளில்லை. குழி வெட்டி மொத்தமாக அடக்கம் செய்வதற்கு முன் ஒவ்வொரு முகத்தையும் படம் எடுத்துப் பலகையில் ஒட்டினோம்.

எங்கே பார்த்தாலும் பிளீச்சிங் பவுடர் வாடை. இன்றைக்கும் அந்த வாடை வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அது ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

பெரியம்மா – 8:55
நிவாரணம் என்று எங்கெங்கிருந்தோ பழைய துணி லாரி லாரியாக வந்து ரோட்டோரம் மலையாகக் கிடந்ததே, அதையும் சொல்லுங்கள். அந்த ஜனங்கள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. உழைத்துச் சாப்பிட்டவர்கள். மற்றவர் உடுத்திக் கழித்ததை எப்படி வாங்குவார்கள்? சாப்பாடு போட்ட கதையும் உண்டு. பரங்கிப்பேட்டையில் ஜமாத்துக்காரர்கள் அண்டா அண்டாவாகச் சோறாக்கி மீனவர் ஊர்களுக்குக் கொடுத்தார்கள். அதை மறக்கவே கூடாது.

குட்டி – 9:04
எல்லாம் எழுதிக்கொண்டேன். ஒரு சந்தேகம் பெரிய தாத்தா. நிலநடுக்கம் ஆறரைக்கு என்கிறீர்கள். என் புத்தகத்தில் 6 மணி 29 நிமிடம் என்று இருக்கிறது. நாகப்பட்டினத்துக்கு அலை வந்தது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் இரண்டரை மணி நேரம் இருக்கிறதே. அந்த நேரத்தில் எல்லோரும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

குட்டி – 9:05
யாரையும் குறை சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பெரியப்பா தஞ்சை – 9:27
நல்ல கேள்வி கேட்டுவிட்டாய். இருபது நிமிஷமாகப் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறேன். சுமத்ராவிலிருந்து நாகைக்கு ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். ஆழ்கடலில் அந்த அலை விமான வேகத்தில் வரும். ஆனால் அங்கே அதன் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது, படகில் இருப்பவனுக்கே தெரியாது. கரையை நெருங்கும்போதுதான் எழும்பும். பசிபிக் கடலுக்கு எச்சரிக்கை மையம் எப்போதோ வந்துவிட்டது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது இல்லை. ஹைதராபாத்தில் வைத்தது 2007-இல்தான். அன்றைக்கு ஒரு போன் வந்திருந்தால், கடற்கரை ஊர்களில் ஒரு தண்டோரா போட்டிருந்தால் போதும், ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்திருப்பார்கள். இரண்டரை மணி நேரம் தாராளம். அன்று காலை அந்த நேரத்தில் நான் தாடியை மழித்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன் அம்மா.

குட்டி – 9:31
சுமத்ரா பக்கத்திலேயே சிமெலுவே என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே 1907-இல் ஒரு தடவை இப்படி வந்ததாம். அதை ‘ஸ்மோங்’ என்று சொல்லிச் சொல்லிப் பாட்டிகள் பிள்ளைகளுக்குக் கதையாக வைத்திருந்தார்கள். பூமி பலமாக ஆடியதும் எல்லோரும் குன்றுக்கு ஓடிவிட்டார்கள். அவ்வளவு பக்கத்தில் இருந்தும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் இறந்தார்கள்.

பெரியப்பா தஞ்சை – 9:36
நமக்கும் கதை இருந்தது குட்டி. புகாரைக் கடல் கொண்டது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கடல்கோள் என்று சொல்லும் இருந்தது. அது பரீட்சைக்கு மட்டும் இருந்தது. கடல் உள்வாங்கினால் ஓடு என்று சொல்லித்தர யாரும் இல்லை.

சித்தப்பா சென்னை – 9:41
அந்த இரண்டரை மணி நேரத்தில் நான் ஒன்று செய்தேன். ஏழே காலுக்கு நாகைக்கு அக்காவைப் போனில் கூப்பிட்டேன். ‘இங்கே வீடு ஆடுச்சுக்கா, அங்கே எப்படி’ என்று கேட்டேன். ‘இங்கே ஒன்றும் இல்லையேடா’ என்றார்கள். பொங்கலுக்கு வருவதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினோம். கடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெரிந்தால்தானே சொல்ல.

நாகை அத்தை – 9:48
இச்செய்தி நீக்கப்பட்டது

நான் – 9:50
அத்தை, என்ன போட்டீர்கள்? படிப்பதற்குள் எடுத்துவிட்டீர்களே.

நாகை அத்தை – 9:52
எழுதுகிறேன். எனக்குக் கொஞ்சம் நேரமாகும்.

நாகை அத்தை – 10:10
தம்பி சொன்னது சரி. ஏழே காலுக்குப் பேசினான். குட்டி, நீ கேட்ட இரண்டரை மணி நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். நோட்டில் எழுதுவதா வேண்டாமா என்று நீயே பார்த்துக்கொள்.

எங்கள் தெருவுக்குக் கீச்சாங்குப்பத்திலிருந்து ஒரு மீன்காரம்மா வருவார். எட்டு வருஷமாக எங்கள் திண்ணையில்தான் கூடையை இறக்குவார். தெருவில் யார் வாங்கினாலும் இங்கே உட்கார்ந்துதான் ஆய்ந்து கொடுப்பார். அவருடைய அரிவாள்மனை நல்ல கனம். தினமும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம், எங்கள் கொல்லையிலேயே வைத்துவிட்டுப் போங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் எட்டு மணிக்கு முன்பே வந்துவிடுவார். போக ஒன்பதரை ஆகும்.

நாகை அத்தை – 10:19
சனிக்கிழமை கிளம்பும்போது ‘நாளைக்கு வரட்டுமாம்மா’ என்று கேட்டார். ‘நாளைக்குப் பௌர்ணமி, மார்கழி வேற, நம்ம தெருவுல யாரும் வாங்க மாட்டாங்க. ஒரு நாளாவது பிள்ளைகளோட வீட்டுல இருங்க’ என்றேன். ‘சரிம்மா, பேரப்புள்ளைக்குத் தலைக்கு ஊத்தணும்’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தம்பியிடம் பேசிவிட்டு அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தேன். அவரைக் காணோமே என்ற நினைப்புகூட எனக்கு இல்லை. நான்தானே வர வேண்டாம் என்றேன்.

நாகை அத்தை – 10:27
எங்கள் வீடு நீலாயதாட்சி அம்மன் கோயில் பக்கம். தண்ணீர் அங்கே வரவில்லை. ஜனங்கள்தான் வந்தார்கள். தலையிலிருந்து கால் வரை கறுப்புச் சேறு. யார் ஆண் யார் பெண் என்று தெரியவில்லை. ஒரு அம்மா வெறும் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் வாசல் வரைக்கும் வந்து, அதற்குப் பிறகு எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றார். குடத்தை வாங்கி வைக்கப் போனேன். விடவில்லை.

ஒவ்வொரு முகமாகத் துடைத்துப் பார்த்தேன். அவர் இல்லை. அடுத்த நாளும் இல்லை.

நாகை அத்தை – 10:34
தை பிறந்த பிறகு அவருடைய பெரிய மகன் வந்தான். அன்று அவன் நடுக்கடலில் இருந்திருக்கிறான். ஒன்றுமே தெரியவில்லையாம். கரைக்குத் திரும்பும்போது தண்ணீரில் பாயும் பாத்திரமும் மிதந்து வந்ததைப் பார்த்துத்தான் ஏதோ என்று நினைத்தானாம். அம்மா, மனைவி, தலைக்கு ஊற்றிய அந்தக் குழந்தை, மூன்று பேரும் இல்லை.

அரிவாள்மனையை எடுத்துக் கொடுத்தேன். ‘நீங்களே வச்சிக்குங்கம்மா. இதை வைக்கிறதுக்கு எங்களுக்கு இப்ப வீடு இல்லை’ என்றான்.

பெரியம்மா – 10:36
ஐயோ தங்கச்சி.

சித்தப்பா சென்னை – 10:37
அக்கா, நீங்கள் நல்லதை நினைத்துத்தான் சொன்னீர்கள். அது உங்கள் தப்பே இல்லை.

நாகை அத்தை – 10:40
தெரியும்டா. தப்பு என்று நான் சொல்லவில்லை. குழந்தை கேட்டது, நான் எங்கே இருந்தேன் என்று. அதைச் சொன்னேன்.

பெரியப்பா தஞ்சை – 10:44
27ஆம் தேதி ராத்திரி உன் வீட்டில்தானே சாப்பிட்டேன் தங்கச்சி. ஒரு வாரம் அங்கேதானே படுத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

நாகை அத்தை – 10:47
நீங்கள் அன்றைக்கு இருந்த இருப்புக்கு எப்படிச் சொல்வது அண்ணா? சாப்பிட உட்கார்ந்தவர் மூன்று தடவை எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தீர்கள். இலையில் வைத்தது அப்படியே இருந்தது. பலகையில் ஒட்டிய படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அவர் இருந்தாரா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். கேட்கவில்லை.

பெரியப்பா தஞ்சை – 10:53
கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது அம்மா.

குட்டி – 10:58
அத்தைப் பாட்டி, அவர் பெயர் என்ன? எழுதலாமா?

நாகை அத்தை – 11:01
பெயரை இங்கே போட வேண்டாம் கண்ணு. அவர் மகன் இப்போது உள்ளே தள்ளிக் கட்டிய குடியிருப்பில் இருக்கிறான். மறுபடி கல்யாணம் செய்துகொண்டான், உன் வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அவனைக் கேட்டுவிட்டு உனக்கு நேரில் சொல்கிறேன். பொங்கலுக்கு வருவாய் இல்லையா?

குட்டி – 11:02
வருகிறேன். அந்த அரிவாள்மனை இன்னும் இருக்கிறதா?

நாகை அத்தை – 11:09
[படம்]

அண்ணன் – 11:12
கடல் காற்றில் இருபது வருஷம். துருவே பிடிக்கவில்லையே அத்தை.

நாகை அத்தை – 11:15
மாசம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தடவி வைப்பேன். அவன் வந்து கேட்டால் கொடுக்கணுமே.