பழைய சிறுவர் துப்பறியும் கதைகள் இப்போதைய பிள்ளைகளுக்குப் பிடிக்குமா?

பொங்கோல் அப்பா:

வணக்கம். போன சனிக்கிழமை மகளுக்குக் கணக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்க இங்கே சிங்கப்பூரில் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் போனேன். அங்கே ஒரு பழைய புத்தகக் கடையின் வாசல் பெட்டியில் மூன்று பையன்கள் துப்பறியும் ‘த்ரீ இன்வெஸ்டிகேட்டர்ஸ்’ வரிசையில் ஒன்று கிடந்தது, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லப் பழக்கிய கிளிகள் வருமே, அந்தக் கதை. விலை மூன்று வெள்ளி. தொடக்கநிலை 5-ல் எங்கள் வகுப்பில் நாலு பேர் வரிசை போட்டுக் காத்திருந்து படித்தது. வீட்டுக்கு வருகிற வரைக்கும் பொறுக்கவில்லை, ரயிலிலேயே பாதி முடித்துவிட்டேன்.

பெரியவனாகப் படிக்கும்போது யார் கெட்டவன் என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. அது ஒரு குறையாகவே படவில்லை. என்னை மறுபடியும் பிடித்து இழுத்தது, அந்த மூவரின் தலைவன் ஜூப்பிட்டரின் மாமா வைத்திருக்கும் பழைய சாமான் கிடங்குதான். மாமா அடிபட்ட டிரெய்லர் வண்டி ஒன்றை விற்க முடியாமல் ஜூப்பிட்டருக்குக் கொடுத்துவிடுவார், பையன்கள் அதைச் சுற்றி ஓட்டை உடைசலைக் குவித்து மறைத்து அதையே தலைமையகம் ஆக்கிக்கொள்வார்கள். பெரிய குழாய்க்குள் ஊர்ந்து போனால் உள்ளே மேசை, தொலைபேசி, புகைப்படம் கழுவ இருட்டறை. அத்தை வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், பத்தடி தூரத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. பத்து வயதில் எங்கள் புளோக்கில் அப்படி ஓர் இடம் தேடி நான் எத்தனை நாள் அலைந்தேன்!

என் மகள் தொடக்கநிலை 4. பள்ளி, துணைப்பாட வகுப்பு, நீச்சல், அப்புறம் கைப்பேசி. இந்தக் கதைகள் அவளுக்கு ஒட்டுமா? முதலில் எதைக் கொடுக்கலாம்? தமிழிலும் இந்தச் சுவையைக் காட்ட ஏதாவது வழி இருக்கிறதா? உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் நடந்ததைச் சொல்லுங்கள்.

ஆரஞ்சுச் சாறு:

நான் தோ பாயோவில் வளர்ந்தவள், எனக்கு உயிர் ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் எனிட் பிளைட்டன்தான். எல்லாரும் ஃபேமஸ் ஃபைவ் என்பார்கள், நான் ‘ஃபைவ் ஃபைண்ட்-அவுட்டர்ஸ்’ பக்கம். 1943-ல் தொடங்கிய வரிசை, மொத்தம் 15 புத்தகம். காரணம் என்னவென்றால் அதில் வரும் வித்தைகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பூட்டிய அறையிலிருந்து எப்படி வெளியே வருவது? சாவி வெளிப்பக்கம் பூட்டிலேயே இருக்க வேண்டும். கதவுக்கு அடியில் ஒரு செய்தித்தாளை வெளியே தள்ளி, துவாரத்தில் கம்பி விட்டுக் குத்தினால் சாவி அந்தத் தாளின் மேல் விழும். மெதுவாக இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அந்த மாதிரிப் பூட்டே கிடையாது. ஆனால் சிராங்கூனில் பாட்டி வீட்டு அலமாரி அறைக்கு இருந்தது. அண்ணன் வெளியே பூட்ட, நான் உள்ளே செய்தித்தாளுடன். மூன்றாவது தடவை சாவி கைக்கு வந்தது. அந்த நிமிடம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆரஞ்சுச் சாறில் எழுதி, காய்ந்த பிறகு சூடு காட்டினால் எழுத்து பழுப்பாகத் தெரியும் என்பதும் அதே வரிசையில்தான். நாங்கள் கலமான்சியைப் (சின்ன எலுமிச்சை மாதிரி) பிழிந்து எழுதி அம்மாவின் இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பார்ப்போம். போன பள்ளி விடுமுறையில் என் மகனுக்குப் புத்தகத்தைக் கொடுக்காமல் முதலில் இதைத்தான் செய்து காட்டினேன் (பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், தாள் கருகிவிடும்). “இது எந்தப் புத்தகத்தில் இருக்கு?” என்று அவனே கேட்டான். உங்கள் மகளிடமும் வித்தையிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

மறுவாசிப்பு:

நானும் அந்த வரிசையை நேசித்தவள்தான், ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வருடம் திரும்ப எடுத்துப் படித்தபோது பல இடங்களில் மனம் வலித்தது. அதில் துப்பறியும் கெட்டிக்காரப் பையனின் முழுப்பெயர் ஃபிரெடரிக் ஆல்ஜெர்னன் டிராட்வில், ஆங்கில முதலெழுத்துகளைச் (F, A, T) சேர்த்து எல்லாரும் அவனை ‘ஃபேட்டி’, அதாவது குண்டன், என்றே கூப்பிடுவார்கள். குண்டாக இருப்பதற்காக வகுப்பில் கேலி கேட்டு வந்து அழுத பிள்ளை என் வீட்டில் இருக்கிறாள், அவளுக்கு நான் எப்படி இதை விளக்குவது? வெளிநாட்டு ஆள் வந்தாலே சந்தேகம், நாடோடிக் குடும்பம் வந்தாலே திருட்டு என்று போகிற கதைகளும் அந்தக் காலத்தில் நிறைய உண்டு. எங்களைப் போன்ற முகங்கள் அந்தக் கதைகளில் எந்தப் பக்கம் நிற்கும் என்று சின்ன வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இது மேலைநாட்டுக்காரர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். அமெரிக்கக் கதைகளில் துப்பறியும் பெண் நான்சி ட்ரூ 1930-ல் வந்தவள். 1959 முதல் அந்தப் பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதினார்கள், இனத்தைப் பற்றிய மோசமான சித்திரிப்புகளை நீக்கினார்கள், 25 அத்தியாயத்தை 20 ஆக்கினார்கள், அவள் வயதையும் 16-லிருந்து 18-க்கு உயர்த்தினார்கள். ஆனால் முதல் பதிப்பின் நான்சிதான் துணிச்சல்காரி, யார் சொல்லுக்கும் அடங்காமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். திருத்தியதில் அவள் கொஞ்சம் அடக்கமாகிவிட்டாள் என்பது என் வருத்தம். ஆக, எந்தப் பதிப்பையும் அப்படியே கையில் கொடுத்துவிடாமல் நீங்கள் முதலில் படியுங்கள், முடிந்தால் சேர்ந்து படியுங்கள், உறுத்துகிற இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். என் மகள் ‘ஃபேட்டி’ என்ற பெயரைப் பார்த்ததும் “அவன் நண்பர்களே ஏன்மா அப்படிக் கூப்பிடறாங்க?” என்றாள். அன்று அரை மணி நேரம் பேசினோம், பள்ளியில் நடந்ததையெல்லாம் அன்றைக்குத்தான் சொன்னாள்.

வகுப்பறை ஜன்னல்:

வாரக் கடைசியில் எங்கள் வட்டாரப் பிள்ளைகள் சிலருக்குத் தமிழில் கதை சொல்லி வருகிறேன், அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். நீண்ட கதைக்கு உட்காராத பிள்ளைக்கு நான் முதலில் எடுப்பது என்சைக்ளோபீடியா பிரௌன். 1963-ல் டொனால்ட் சோபல் தொடங்கியது. துப்பறிகிறவனுக்குப் பத்து வயது, அப்பா அந்த ஊரின் காவல்துறைத் தலைவர், பையன் சாப்பாட்டு மேசையில் அப்பாவின் வழக்குகளைத் தீர்த்துவைப்பான். ஒரு புத்தகத்தில் பத்து வழக்கு, ஒவ்வொன்றும் சில பக்கம்தான், விடை கடைசியில். முதல் புத்தகத்தில் ஒரு வாள் வரும், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ‘முதலாம் புல் ரன் சண்டை’யில் நின்று போரிட்டதற்காக அடுத்த மாதமே வீரர்கள் கொடுத்தது என்று அதில் பொறித்திருக்கும். இரண்டாம் சண்டை நடந்தது ஒரு வருடம் கழித்து. அப்படியானால் 1861-ல் யார் அதை ‘முதலாம்’ என்று சொல்லியிருப்பார்கள்? வாள் போலி.

நம் பிள்ளைகளுக்கு அந்தப் போர் தெரியாது. அதனால் மாற்றினேன். “1916-ல் தாத்தாவின் அப்பா எழுதிய கடிதம் என்று ஒருவர் விற்க வருகிறார், அதில் ‘முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது’ என்று இருக்கிறது, வாங்கலாமா?” முதலில் தாளின் நிறம், பேனா, அஞ்சல்தலை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பின்வரிசையில் வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, “ரெண்டாவது சண்டை வரும்னு அவருக்கு எப்படித் தெரியும்?” என்றான். மற்றவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அதற்கப்புறம் இருபது நிமிடம் வாதம், அத்தனையும் தமிழில்.

எனக்குத் தோன்றுவது இதுதான், இந்தக் கதைகளில் பிள்ளைகளை இழுப்பது குற்றம் இல்லை. பெரியவருக்குத் தெரிந்த அதே விவரம் பிள்ளைக்கும் தரப்படுகிறது, ஒளிவுமறைவு கிடையாது, கவனித்துப் பார்க்கிறவர் சொல்வதைக் கடைசியில் பெரியவர்களும் கேட்டே ஆக வேண்டும். நாள் முழுக்க ‘உனக்குத் தெரியாது, சும்மா இரு’ என்று கேட்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! பயிற்சித்தாளிலும் கேள்வி உண்டு, விடை உண்டு. ஆனால் அங்கே விடை யாருக்கோ முன்பே தெரியும்.

கலமான்சி யோசனை அருமை, அடுத்த வாரமே செய்யப் போகிறேன். ‘மறுவாசிப்பு’ சொன்னதையும் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

முத்து வாசகன்:

தமிழ்ப் பக்கம் கேட்டதால் வருகிறேன். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கத்தைக் கொடுத்ததே சிவகாசியிலிருந்து 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸ்தான், இரும்புக்கை மாயாவிக்காகவே ஊரிலிருந்து வரும் மாமாவின் பெட்டியைக் கிளறுவேன். அப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால், தேநீர் குடித்துக்கொண்டே யோசிப்பார். ஆனால் அவர்கள் பெரியவர்கள், நாங்கள் வேடிக்கை பார்த்தவர்கள். என் வயதுப் பிள்ளை துப்பறிகிற தமிழ்க் கதைக்காக ஏங்கினேன், என் கைக்கு ஒன்றும் வரவில்லை.

இங்கே ஆங்கிலத்தில் ஷெர்லாக் சாம் 2012-ல் வந்தது. முதல் கதையே கத்தோங்கில் நடக்கிறது, பையன் சிங்கப்பூர்க்காரன், கூடவே அவன் செய்த ரோபோ வாட்சன். நம் ஊர்ச் சாப்பாடு, நம் ஊர்த் தெரு. உங்கள் மகளுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கலாம். தமிழில் இதே மாதிரி தேக்காவிலோ உட்லண்ட்ஸிலோ நடக்கிற கதையை இங்கே யாராவது எழுத வேண்டும், நான் முதல் ஆளாக வாங்குவேன்.

பொங்கோல் அப்பா:

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு கிளிக் கதையைத் தமிழில் வாயால் சொல்ல ஆரம்பித்தேன். தகவல் தேட அந்த மூன்று பேரும் ஆளுக்கு ஐந்து நண்பர்களைக் கூப்பிடுவார்கள், அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து பேரை, அப்படியே ஊர் முழுக்கப் பரவும், அந்த இடத்துக்கு வந்தேன். மகள் படுக்கையிலிருந்து எழுந்து விரல் விட்டு எண்ணினாள்: பதினைந்து, எழுபத்தைந்து, முந்நூற்று எழுபத்தைந்து. “அப்பா, ஒருத்தரையே ரெண்டு பேர் கூப்பிட்டா?” என்று கேட்டாள். அந்த வயதில் எனக்கு அது தோன்றவே இல்லை. இன்று காலை பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும்போது, அவர்களுடைய குறி கேள்விக்குறிதானே என்று கேட்டுவிட்டு, எங்கள் மாடி மின்தூக்கிப் பக்கத்துத் தூணில் சாக்குக்கட்டியால் சின்னதாக ஒன்று போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கலமான்சி வாங்கி வைத்திருக்கிறேன்.