பதில்: கடைக் கட்டடத்தின் தட்டைக் கூரைக்கு எந்த மெம்பரேன்?

அனைவருக்கும் வணக்கம்.

கடையின் தட்டைக் கூரையில் மழைநீர் இறங்காமல் மூடும் தாளை (மெம்பரேன்) மாற்றப்போவதாகத் தம்பி எழுதியிருந்தார். மூன்று ஒப்பந்தக்காரர்கள் மூன்று பொருளைச் சொல்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருந்தார். இருபது வருடமாகக் கூரை வேலைகளை மேற்பார்வை செய்கிறவன் நான். இந்தக் கேள்வியை அவசரமாக முடிக்க மனம் வரவில்லை, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, பொருளின் பெயரை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் கூரையில் ஏறிப் பாருங்கள். சமையலறைப் புகை வெளியேறும் விசிறி இருக்கிறதா? ஏசி இயந்திரங்களைப் பழுதுபார்க்க அடிக்கடி ஆள் ஏறுகிறார்களா? மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் தண்ணீர் தேங்கும் இடம் உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். நான் பார்த்த கெட்டுப்போன கூரைகளில் பல, நல்ல தாளைத் தவறான இடத்தில் போட்டதால் கெட்டவை.

ஓர் உணவகத்தின் கூரை இன்னும் கண்ணில் நிற்கிறது. கறுப்பு ஈ.பி.டி.எம். ரப்பர் தாள். வெயிலையும் ஓசோனையும் பல வருடம் தாங்கக்கூடிய அருமையான பொருள் அது. ஆனால் புகைவிசிறியைச் சுற்றி ஒரு கை நீளத்துக்குத் தாள் ஊறிப்போய், அலை அலையாகப் புடைத்திருந்தது. விரலால் அழுத்தினால் குழைந்தது. கொழுப்பும் எண்ணெயும் ஈ.பி.டி.எம்.முக்கு ஆகாது. அங்கே பி.வி.சி. பிளாஸ்டிக் தாள் போட்டிருந்தால் தாங்கியிருக்கும்.

அதற்காக பி.வி.சி.யை எங்கும் விரித்துவிடவும் முடியாது. அதை வளையவைப்பது அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர். பழைய தார்க் கூரை மேலோ பாலிஸ்டைரீன் தெர்மாகோல் மேலோ தாள் நேரடியாகப் படுத்தால் அந்தப் பிளாஸ்டிசைசர் மெல்ல வெளியேறி, தாள் விறைத்துச் சுருங்கும். இடையில் ஒரு பிரிப்பு விரிப்பு கட்டாயம். கொட்டேஷனில் அந்த விரிப்பு இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

டி.பி.ஓ. என்ற இன்னொரு பிளாஸ்டிக் தாளும் பி.வி.சி. போலவே சூடான காற்றால் ஒட்டுவதுதான், பிளாஸ்டிசைசர் கிடையாது. 1990களில் வந்த ஆரம்பகாலக் கலவைகள் சில கடும் வெப்பத்தில் சீக்கிரம் விரிசல் விட்டன. பிறகு கலவையை மாற்றினார்கள். இதில் வெறும் ‘1.5 மி.மீ.’ என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். தாளின் நடுவே பாலியெஸ்டர் வலை இருக்கிறது. அந்த வலைக்கு மேலே எவ்வளவு தடிமன் என்று கேளுங்கள். வெயில் தின்பது அந்த மேல்படலத்தைத்தான்.

ஆள் நடமாட்டம் அதிகமுள்ள கூரைக்கு என் மனம் இரண்டு அடுக்கு பிட்டுமென் (தார்) ஷீட் பக்கமே போகும். மேல் அடுக்கில் கீறல் விழுந்தாலும் கீழே இன்னொன்று இருக்கிறது. அதில் இரண்டு வகை: குளிர் கடுமையான இடத்துக்கு ரப்பர் கலந்த எஸ்.பி.எஸ்., வெப்பம் மிகுந்த இடத்துக்கு பிளாஸ்டிக் கலந்த ஏ.பி.பி. மரத் தளத்தின் மேல் மட்டும் நெருப்பு டார்ச் வைத்து ஒட்ட விடாதீர்கள், தீப்பிடிக்கும். குளிர்நிலையில் ஒட்டும் வகை இருக்கிறது.

சரி, இப்போது தாளும் தாளும் சேரும் மூட்டு. நடுத் தாள் ஒழுகுவது அபூர்வம். மூட்டிலும் குழாயடியிலும் சுவரோரத்திலும்தான் ஒழுகும். டி.பி.ஓ., பி.வி.சி. எது போட்டாலும் தினமும் வேலை தொடங்கும்முன் ஒரு சோதனைத் துண்டு ஒட்டச் சொல்லுங்கள். ஆறியதும் குறுக்கே ஒரு பட்டை வெட்டி, இரண்டு கையாலும் பிடித்து உரியுங்கள். தாள் கிழிந்து வலை வெளியே தெரிந்தால் நல்ல ஒட்டு. கிழியாமல் இரண்டும் வழவழவென்று பிரிந்து வந்தால் சூடோ வேகமோ சரியில்லை; அப்படியே வேலையைத் தொடர விடக்கூடாது. இந்த ஐந்து நிமிடத்துக்காக நான் ஆட்களோடு சண்டையே போட்டிருக்கிறேன். ஈ.பி.டி.எம்.மில் இந்தச் சூட்டு வேலை இல்லை. மூட்டை பிரைமர் தடவித் தேய்த்து, டேப் போட்டு உருளையால் அழுத்த வேண்டும். 15 மீட்டர் அகலம் வரை தாள் கிடைப்பதால் மூட்டும் குறைவு. குழாய்கள் அதிகம் இல்லாத பெரிய வெற்றுக் கூரைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

நிறம் நீங்கள் இருக்கும் தட்பவெப்பத்தைப் பொறுத்தது. ஏசி வருடம் முழுக்க ஓடினால் வெள்ளை நல்லது. ஹீட்டர் ஓடும் மாதங்களே அதிகம் என்றால் கறுப்பால் நஷ்டமில்லை.

தண்ணீர் தேங்குவதை எந்தத் தாளும் சரிசெய்யாது. 100க்கு 2 அளவு சரிவு வேண்டும். இல்லையென்றால் சாய்வாக வெட்டிய இன்சுலேஷன் பலகை போட்டு வரவழைக்க வேண்டும். அப்புறம், பழைய கூரை மேலேயே புதியதைப் போடலாம் என்று யாராவது சொன்னால், நான்கைந்து இடத்தில் அறுத்துப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே இன்சுலேஷன் நனைந்திருந்தால் அந்த ஈரத்தை மூடிவைத்துக் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

வடிகால் வாய், விசிறியடி, சுவரோரம் மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து இங்கேயே அனுப்புங்கள் தம்பி. மூன்று கொட்டேஷனையும் சேர்த்து வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.