‘ஸ்டில் லைஃப்’ (2006): அணையைத் திட்டும் படமா?

கரிசல்மண்: சீன இயக்குநர் ஜியா ஜாங்கேயின் இந்தப் படத்துக்கு வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கம் கிடைத்தது. எனக்கு ஒப்பவில்லை. சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணைக்காக ஃபெங்ஜியே ஊரை இடிக்கிறார்கள். கேமரா இடிபாடுகளை அழகாகக் காட்டிக்கொண்டே போகிறது. அணை எதற்கு என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த அணை நிற்கும் யாங்சே ஆற்றின் 1954 வெள்ளத்தில் 30,000 பேருக்கு மேல் செத்தார்கள். இன்று அந்த அணையின் மின் உற்பத்தித் திறன் 22,500 மெகாவாட். இதைத் தொடாமல் சோகத்தை மட்டும் காட்டினால் அது பாதிக் கதை.

செங்காந்தள்: அணை வேண்டாம் என்று படத்தில் யார் சொல்கிறார்கள், சார்? ஷான்ஷி மாகாணத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஹான் சன்மிங், 16 வருஷமாகப் பார்க்காத மனைவியைத் தேடி வருகிறான். கையிலிருக்கும் விலாசம் தண்ணீருக்கடியில் போய்விட்டது. அவன் யாரையும் சபிக்கவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு அதே ஊரை இடிக்கும் கூலி வேலைக்குப் போகிறான். அங்கே இடிப்பதுதான் சோறு போடுகிறது. மின்சாரக் கணக்கு எல்லா அறிக்கையிலும் இருக்கும். இந்தக் கூலிக்காரன் எதில் இருப்பான்? சீனாவின் 10 யுவான் நோட்டில் அச்சடித்த குய்மென் மலையிடுக்கை, எதிரே நிற்கும் நிஜத்தோடு வைத்து அவன் பார்ப்பானே, அந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் படத்தை யாரோடும் வாதாடுவேன்.

கரிசல்மண்: அப்படியானால் கட்டடம் ராக்கெட் மாதிரி கிளம்பிப் பறப்பது எதற்கு? பறக்கும் தட்டு எதற்கு? கூலிக்காரன் வாழ்க்கையைச் சொல்ல வந்தவருக்கு இந்த வித்தையெல்லாம் தேவையா?

செங்காந்தள்: தேவைதான். 2,000 வருஷத்துக்கும் மேலான ஊர் கண்ணெதிரே காணாமல் போகிறது. பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இடம்பெயர்ந்தார்கள். அதை நேரில் பார்த்தவனுக்குக் கட்டடம் பறந்தால்கூட ஆச்சரியமாக இருக்காது. படத்தில் அந்தக் கட்டடம் பறக்கும்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, கவனித்தீர்களா?

தாழம்பூ: ரெண்டு பேருமே முக்கியமானதை விட்டுட்டீங்க. ஹான் அந்த மனைவியை 3,000 யுவான் கொடுத்து வாங்கினவன். போலீஸ் மீட்டதால்தான் அவள் ஊர் திரும்பினாள். படமோ முழுக்க அவனுக்காக நம்மை இரங்க வைக்குது. இடிந்த கட்டடத்துக்குள் ரெண்டு பேரும் ஒரு மிட்டாயைப் பகிர்ந்து தின்கிற காட்சியில் எல்லாரும் உருகுறாங்க. எனக்குக் கோபம்தான் வந்தது.

செங்காந்தள்: கோபம் நியாயம்தான், தோழி. ஆனால் விலையைப் படம் மறைக்கவே இல்லையே. இப்போது அவளை அழைத்துப்போக அவளுடைய அண்ணனின் 30,000 யுவான் கடனை இவன் அடைக்கணும். அதற்காகத்தான் உயிருக்கு உத்தரவாதமில்லாத சுரங்கத்துக்கே திரும்புகிறான்.

தாழம்பூ: அன்றைக்கும் பணம், இன்றைக்கும் பணம். ரெண்டு தடவையும் பேரம் ஆண்களுக்குள்ளேதான் நடக்குது. படத்தில் கணவனைத் தேடி வரும் இன்னொருத்தி, நர்ஸ் ஷென் ஹாங்குக்காவது விவாகரத்து வேணும்னு தானே சொல்லும் இடம் கிடைச்சது. ஹானின் மனைவிக்கு அதுகூட இல்லை. அணை கட்டியது சரியா தப்பான்னு நீங்க பேசுங்க. நான் கேட்கிறது இவளைப் பற்றி.