புதுப்பிப்பு: இரவில் அழும் ஐந்து மாதக் குழந்தை – எது கைகொடுத்தது

மகள் இரவில் அடிக்கடி அழுகிறாள், கதவைச் சாத்திவிட்டு அழவிட்டால் தானே பழகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

அழவிடவில்லை. அதற்கு எனக்கு மனம் வராது. கைகொடுத்தது, "முதல் சிணுங்கலுக்கே தூக்காதீர்கள், முகத்தைப் பாருங்கள்" என்ற யோசனைதான். கைக்குழந்தையின் உறக்கத்தில் கணிசமான பகுதி கனவு நிலை உறக்கம். அப்போது முனகுவதும் கைகாலை உதறுவதும் சகஜம். உற்றுப் பார்த்தால் கண் மூடியே இருக்கிறது, உதடு மட்டும் பிதுங்குகிறது. கொஞ்சம் பொறுத்தால் தானே அடங்கிவிடுகிறாள். கண் திறந்து குரல் ஏறினால் உடனே தூக்கிவிடுகிறேன்.

குழந்தையைத் தானே உறங்கப் பழக்கும் ஃபெர்பர் முறையைப் பரிந்துரைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: 1985இல் ரிச்சர்ட் ஃபெர்பர் என்ற அமெரிக்க மருத்துவர் முன்வைத்த அந்த முறையிலும் குழந்தையை விடியும்வரை தனியே விடுவதில்லை, இடைவெளியைக் கூட்டிக் கூட்டிப் போய்ப் பார்க்கச் சொல்கிறார். கதவைச் சாத்தச் சொன்னவர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

எதிர்பாராதது பகலில் இருந்தது. பால் குடிக்கும்போது குக்கர் விசில் அடித்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டு பாதியில் விட்டுவிடுவாள். இந்த வயதில் வேடிக்கை பார்ப்பதில் பால் மறந்துபோகும், குறையை இரவில் ஈடுகட்டுவார்கள் என்றார் குழந்தை நல மருத்துவர். இப்போது திரை இழுத்த அறையில் பால் கொடுக்கிறேன். நள்ளிரவு அழுகை பெரும்பாலும் நின்றுவிட்டது. விடியற்காலையில் பசித்து எழுகிறாள். அதை மாற்றும் எண்ணம் இல்லை.