ராணுவச் செவிலியர் பணி: பயிற்சியும் பதவியும் உங்களுக்கு என்ன தந்தன?

ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கர்னல், கோவை

என் அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "அத்தை, ராணுவத்தில் நர்ஸாகச் சேர்ந்தால் கடைசிவரை நர்ஸ்தானா?" என்று நேற்றுக் கேட்டாள். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இருபத்தேழு ஆண்டுகள் அந்தச் சீருடையில் இருந்தவள், ஒரு சின்னப் பெண்ணின் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தது எனக்கே வெட்கமாக இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். பணியில் இருந்தவர்கள், படுக்கையில் கிடந்தவர்கள், எல்லோரும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வெளியில் பலருக்குத் தெரியாத ஒன்று: படிப்பை முடித்துப் பணியில் சேரும் அன்றே இங்கே செவிலியர் ஓர் அதிகாரி. 1943-இல் வந்த அவசரச் சட்டம் தந்த தகுதி அது. லெப்டினன்டில் தொடங்கும் ஏணி மேஜர் ஜெனரல் வரை போகிறது. 1976-இல் கெர்ட்ரூட் ஆலிஸ் ராம் அந்த உச்சிக்குப் போனார். இந்திய ராணுவத்தில் மேஜர் ஜெனரலான முதல் பெண் அவர்தான், அவர் ஒரு செவிலியர். எங்கள் சீனியர்கள் இதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிரும்.

என் கதைக்கு வருகிறேன். மூன்றாவது பணியிடம் லடாக்கில் உள்ள லே. சுமார் 3,500 மீட்டர் உயரம். போய் இறங்கியதும் வேலை தர மாட்டார்கள். அந்தக் காற்றுக்கு உடம்பு பழகும்வரை கட்டாய ஓய்வு. நாகர்கோவில்காரியான எனக்குப் படுக்கையில் புரண்டாலே மூச்சு வாங்கியது.

ஒரு டிசம்பர் இரவு மேலேயிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும். வலது கை விரல்கள் மெழுகுபோல வெளுத்து, கட்டைபோல விறைத்திருந்தன. கூட வந்த தோழன் பாசத்தில் அவற்றைத் தேய்க்கப் போனான். நான் கத்தியேவிட்டேன். பனிக்கடி பட்ட விரலைத் தேய்த்தால் திசு இன்னும் சிதைந்துபோகும். வெதுவெதுப்பான நீர்த் தொட்டிதான் வழி, அதுவும் 37 முதல் 39 டிகிரி செல்சியஸுக்குள். குறைந்தால் பயனில்லை, கூடினால் புண்ணாகிவிடும். உணர்வே இல்லாத விரல் ஆதலால் சூட்டை அவனால் சொல்லவும் முடியாது. தொட்டி நீரோ நிமிடத்துக்கு நிமிடம் ஆறுகிறது. ஒரு கையில் தெர்மாமீட்டரும் மறு கையில் வெந்நீர்க் குவளையுமாக அரைமணி நேரம் குனிந்தே இருந்தேன். ரத்தம் திரும்பும்போதுதான் வலி தொடங்கும். வலிக்கு ஊசி போட்டிருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் மொழியில் அம்மாவைக் கூப்பிட்டான். எனக்குப் புரிந்த ஒரே சொல் அது. விரல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. இரண்டு நுனிகள் மட்டும் பிறகு கறுத்துப்போயின. அவற்றையும் உடனே வெட்டவில்லை; செத்த தசைக்கும் பிழைத்த தசைக்கும் எல்லை தெளிவாக வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும்.

அந்த இரவு தந்த பயத்தில்தான் தீவிர சிகிச்சைச் செவிலியர் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். ஓராண்டு. நான்காண்டு பி.எஸ்சி. படித்தபோது டாக்டர் சொன்னதைச் சரியாகச் செய்யக் கற்றேன். இந்த ஓராண்டில், தூங்கும் டாக்டரை எந்த நேரத்தில் எழுப்ப வேண்டும் என்பதைக் கற்றேன். சிறுநீரின் அளவு குறைவதையும் மூச்சின் வேகம் கூடுவதையும் சேர்த்துப் பார்க்கும் கண் அப்போதுதான் திறந்தது.

குறை என்ன என்கிறீர்களா? அந்தக் கண்ணை ஐந்தாறு ஆண்டுகள்தான் முழுதாகப் பயன்படுத்தினேன். தோளில் பதவிச் சின்னம் மாற மாற, கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போய்விட்டேன். டூட்டி பட்டியல், விடுப்புக் கணக்கு, போர்வைக் கணக்கு.

முன்னாள் கேப்டன், சென்னை

அக்கா, நான் குறுகியகாலப் பணியில் இருந்தவள். முப்படைக்கும் ஒரே செவிலியர் சேவைதான் என்பதை மும்பை கொலாபாவில் உள்ள கடற்படை மருத்துவமனையான ஐ.என்.எச்.எஸ். அஸ்வினிக்குப் போன பிறகுதான் முழுதாக உணர்ந்தேன். சுற்றிலும் கடற்படையின் வெள்ளை உடுப்பு, நடுவில் ராணுவப் பதவிப் பெயரோடு நாங்கள். குடல்வால் அறுவைக்கு வந்திருந்த ஓர் இளம் மாலுமி என் பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்கள் வழி தவறி வந்துவிட்டீர்களா?" என்றான். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

பிறகு வேறோர் ஊருக்கு மாற்றல். அறுவை அரங்கப் பயிற்சிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும், "நீ போய்விடுகிறவள்தானே, நிரந்தரப் பணியில் இருப்பவளுக்கு விட்டுக்கொடு" என்றார் மேலே இருந்தவர். அவர் கணக்கில் அது நியாயம். எனக்கு இன்றும் ஆறவில்லை. இதையும் உங்கள் அண்ணன் மகளுக்குச் சொல்லுங்கள்: நுழையும்போதே எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்று பார்க்க வேண்டும்.

சம்பளத்திலும் ஒரு சின்ன முள் உண்டு. ஏழாவது ஊதியக் குழுவில் ராணுவப் பணிப்படி மற்ற அதிகாரிகளுக்கு மாதம் 15,500 ரூபாய், செவிலிய அதிகாரிகளுக்கு 10,800. பணத்தைவிட அந்த இடைவெளிதான் உறுத்தும்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், கம்மவான்பேட்டை

மேடம், எங்கள் ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலூர்ப் பக்கம் 'ராணுவப் பேட்டை' என்பார்கள், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பேத்தி தட்டச்சு செய்கிறாள்.

கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஸ்ரீநகர் 92 பேஸ் மருத்துவமனையில் கண் விழித்தேன். இல்லாத கால் அரித்தது. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள், கட்டு மாற்ற வந்த கேப்டன் சிஸ்டர் எதுவும் கேட்காமலே, "கால் அரிக்கிறதா?" என்றார். அப்போதுதான் அழுதேன். அது நரம்பின் ஞாபகம், மூளைக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை என்று விளக்கினார்.

பிறகு கட்டுப் போடுவதை எனக்கே கற்றுக்கொடுத்தார். நேராகச் சுற்றக் கூடாது, எட்டு எழுதுவதுபோலக் குறுக்கே குறுக்கே சுற்ற வேண்டும். நுனியில் இறுக்கம், மேலே வரவரத் தளர்ச்சி. அப்போதுதான் தண்டு, அதாவது மிச்சமிருக்கும் கால், கூம்பாக இறங்கி, செயற்கைக் காலுக்குள் உட்காரும். நான் தப்பாகச் சுற்றினால் பேசாமல் அவிழ்த்துப்போட்டுவிட்டு, துணியைச் சுருட்டி என் கையிலேயே திரும்ப வைப்பார். ஒரு நாளில் பதினோரு முறை அவிழ்த்திருக்கிறார். பிறகு புனே செயற்கை உறுப்பு மையத்தில் என் தண்டைப் பார்த்தவர், "யார் கட்டியது?" என்று கேட்டார். நான்தான் என்றேன், கொஞ்சம் திமிராக.

நாங்கள் அவரைக் கடைசிவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டோம். கேப்டன் என்று கூப்பிட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கு அது குறையாக இருந்திருக்குமா மேடம்?

பெயர் வேண்டாம், திருச்சி

எண்பதுகளில் நான் பயிற்சி மாணவி. பதவி ஏணியைப் பற்றிப் பேசும்போது அந்தக் காலத்தையும் சொல்ல வேண்டும். நிரந்தரப் பணியில் இருக்கும் செவிலிய அதிகாரி திருமணம் செய்துகொண்டால் வெளியே அனுப்பலாம் என்று 1977-இன் ஓர் ஆணை சொன்னது. 1995-இல்தான் அதை விலக்கினார்கள். 1988-இல் அப்படி விடுவிக்கப்பட்ட ஒரு லெப்டினன்ட், வழக்கை விடாமல் நடத்தினார். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தன்னிச்சையானது என்று சொல்லி, அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது எங்கள் விடுதியில் கல்யாணப் பேச்சு வந்தாலே குரலைத் தாழ்த்திக்கொண்ட மூத்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவே இல்லை.

ஒரு மாணவியின் அம்மா, மதுரை

என் மகள் சென்ற ஆண்டு முயன்றாள், கிடைக்கவில்லை. ராணுவச் செவிலியர் கல்லூரிகள் ஆறிலும் சேர்த்து 220 இடங்கள்தான். நீட் மதிப்பெண் மட்டும் போதாது, தனியாக ஒரு கணினித் தேர்வும், டெல்லியில் நேர்காணலும், மருத்துவப் பரிசோதனையும் உண்டு. வெளியே காத்திருந்தபோது ஒரு கேரளத்து அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் குடும்பத்தில் இது மூன்றாவது தலைமுறையாம். நம் பக்கத்தில் இப்படி ஒரு படிப்பு இருப்பதே பலருக்குத் தெரியவில்லை என்று ஆதங்கமாக இருந்தது. கர்னல் அம்மா, மேற்படிப்பு எம்.எஸ்சி. வரை போகலாமா?

ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கர்னல், கோவை

மதுரை அம்மா, போகலாம். புனே ராணுவ மருத்துவக் கல்லூரியிலேயே எம்.எஸ்சி. இருக்கிறது. அதை முடித்தவர்களில் பலர் ஆசிரியைகளாகிவிடுவார்கள். கட்டிலை விட்டு விலகினாலும் வகுப்பறையில் இருக்கலாம், நாற்காலியைவிட அது எவ்வளவோ மேல். நான் அந்தப் பக்கம் போகாதது என் தவறு.

வேலூர் அண்ணன், குறையே இல்லை. 'மேடம்' என்று கூப்பிட்டவர்கள் சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள். 'சிஸ்டர்' என்று கூப்பிட்டவர்கள்தான் வலிக்கிறது என்று சொன்னார்கள். அந்தப் பதினோரு முறைக் கதையை அண்ணன் மகளுக்குப் படித்துக்காட்டினேன். வீட்டில் இருந்த கிரேப் பேண்டேஜை எடுத்துத் தன் கணுக்காலில் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான்கு முறை அவிழ்த்துவிட்டேன்.

இன்னொன்று. ஓய்வு பெற்ற அன்று நான் கடைசியாகக் கையெழுத்திட்ட தாள் போர்வைக் கணக்கு. இரண்டு குறைந்தன. இன்னமும் தேடிக்கொண்டிருப்பார்கள்.